காகிதத்தில் உள்ளபடி

என் கண்களில் ஒரு குறையும் இல்லை. சென்ற நவம்பரில் கல்முனையில் ஒரு கண் வைத்தியரிடம் காட்டினேன். சுவரில் தொங்கிய அட்டையைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்த வரிக்கும் கீழே அட்டையை அச்சடித்தவர்களின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது. அவர் கேட்காமலே அதையும் வாசித்துக் காட்டினேன்.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தர அனுமதித்ததற்கு உங்களுக்கு நன்றி. உங்கள் பொலிஸ் தம்பி நல்ல பிள்ளைதான். ஆனால் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிய முதல் பக்கத்தில் ஏழு பிழைகள் இருந்தன. என் பெயரிலேயே ஒன்று. மீராசாஹிபு என்பதில் உள்ள 'ஹி'யை விழுங்கிவிட்டார்.

நான் ஓய்வுபெற்ற தபால் கந்தோர் லிகிதர். வயது அறுபத்தாறு. எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் மோதினார் பாங்கு சொல்வார். மற்ற அறிவித்தல்களெல்லாம் முப்பத்தொரு வருடமாக என்னுடையவை. ஆதம்பாவா யானை அடித்து மௌத்தாகி இன்று பதினாறாவது நாள். அன்று காலை ஒலிபெருக்கியில் வாசித்தவன் நான்தான். மீராசாஹிபுக்குக் கண் மங்கிவிட்டது, கொடுத்த காகிதத்தைப் பிழையாக வாசித்துவிட்டார், பாவம் என்று ஊரில் கதைக்கிறார்கள். பள்ளித் தலைவர் உங்களிடமும் அப்படித்தான் சொன்னார் என்று அறிந்தேன். அதைத் திருத்துவதற்காகத்தான் நானாக வந்திருக்கிறேன்.

நீங்கள் வெளியூர்க்காரர். ஆகவே அறிவித்தல் என்றால் என்னவென்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் பள்ளி ஒலிபெருக்கியில் சொன்ன பிறகுதான் அவர் மௌத்தானவர். காணாமல் போன மாடு, கண்டெடுத்த பணப்பை, தண்ணீர் வெட்டு, கடல் கொந்தளிப்பு எல்லாம் என் வாயால்தான் ஊருக்குள் போயின. பெரும்போகம் விளையும் காலத்தில் மாவடிப்பள்ளி வயல் வழியாக யானைகள் ஊரின் மேற்குப் பக்கம் ஏறும். அதையும் நான்தான் சொல்வேன். வயல் காவலில் இருக்கும் காரைதீவுச் சின்னப்போடி யானையைக் கண்டால் முதலில் எனக்குத்தான் போன் எடுப்பார். நான் சொன்னால் ஊர் கதவைச் சாத்தும்.

தந்தி இருந்த காலத்தில் கந்தோரில் சொற்களோடு மாரடித்தவன் நான். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லை எடுக்கலாம், எதை எடுத்தால் பொருள் மாறும் என்பது பார்த்தவுடன் எனக்குத் தெரியும். பன்னிரண்டு சொல்லில் புலம்பிக்கொண்டு வந்தவர்களுக்கு ஆறு சொல்லில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். ஊரின் மேற்குக் கரையில், வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், ஒரு குப்பைமேடு இருந்தது. போன வருடம் சிலர் சேர்ந்து அதைத் துப்புரவாக்கி 'மக்கள் இயற்கைத் தோட்டம்' அமைக்கப் புறப்பட்டார்கள். கட்டாரில் வேலை முடிந்து வந்த றாஸிக் தலைவர். விஞ்ஞானம் படிப்பிக்கும் முஸ்பிறா டீச்சர் செயலாளர். தன்னார்வலர்கள் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பச்சை நிறத்தில் டீசேட் அடித்தார்கள். அதன் முதுகில் 'இயற்க்கையைக் காப்போம்' என்று இருந்தது. அதில் ஒரு 'க்' அதிகம் என்று றாஸிக்கிடம் சொன்னேன்.

"நாப்பது சேட்டும் அடிச்சு முடிஞ்சு மாமா. ஆரு பாக்கப் போறா?" என்றார்.

அந்தப் பிழையை முதுகில் சுமந்துகொண்டு நாற்பது பேர் ஊருக்குள் திரிந்தார்கள்.

அவர்கள் வேலை செய்த அழகையும் பார்த்தேன். ஒருவர் மண்வெட்டியைப் பிடிக்க நான்கு பேர் படம் எடுப்பார்கள். பழைய டயர்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசி வரிசையாகப் புதைத்தார்கள். பிளாஸ்டிக் போத்தல்களை வெட்டிக் கம்பியில் தொங்கவிட்டார்கள். முன்பு பரந்து கிடந்த குப்பை இப்போது வர்ணம் பூசிக்கொண்டு ஒழுங்காக இருந்தது, அவ்வளவுதான். ஒரு மூலையில் 'வண்ணாத்திப்பூச்சிகளின் வீடு' என்று பலகை நட்டார்கள். ஆறு மாதமாகியும் வீட்டுக்காரர் ஒருவரையும் நான் அங்கே காணவில்லை.

வேலியோரம் வாழை வைத்தார்கள். வாழை வைத்தால் யானை வரும் என்று அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"வராது மாமா. வேலிக்குத் தேசி வெச்சிரிக்கம். தேசி முள்ளுக்கும் வாசத்துக்கும் ஆனை கிட்டவும் வராதாம். யூடியூப்ல பாத்தம்," என்றார் றாஸிக்.

அந்த எலுமிச்சைக் கன்றுகள் ஒரு சாண் உயரம்தான் இருந்தன.

ஜனவரியில் ஒரு காலை நல்ல பனிமூட்டம். பள்ளி மேல்மாடியிலிருந்து பார்த்தபோது தோட்டத்துக்கு அப்பால் வயலில் கறுப்பாக, பெரிதாக ஒன்று நின்றது. உடனே மைக்கைப் போட்டேன். கொம்பன் யானை ஒன்று ஊரெல்லையில் நிற்கின்றது, பெண்களும் பிள்ளைகளும் வெளியே வர வேண்டாம் என்று நிறுத்தி நிதானமாக மூன்று தடவை சொன்னேன். வெயில் ஏறியதும் அது ஒரு தண்ணீர்த் தாங்கி என்று தெரிந்தது. யாரோ உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது விழுந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கொம்பு என்று நான் சொன்னது அதைத்தான். பனியில் யாருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

தன்னார்வலர் ஒருவர் அந்த அறிவித்தலைப் போனில் பதிந்திருந்தார். தாங்கியின் படத்தோடு என் குரலைச் சேர்த்து அவர்களுடைய வட்சப் குழுவில் விட்டார்கள். பின்னேரத்துக்குள் அது கட்டார் வரைக்கும் போய்விட்டது. எனக்கு 'டாங்கி மாமா' என்று பெயர் விழுந்தது. தேநீர்க் கடையில் ஒருவர் என்னைக் கண்டதும் தும்பிக்கை மாதிரி ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். முப்பத்தொரு வருடமாக ஊரின் மௌத்துகளை ஒரு பெயர் பிசகாமல் சொல்லி வந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றையாவது யாரும் பதிந்து வைத்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளி நம்பிக்கையாளர் சபை கூடியது. இனி யானை பற்றிய அறிவித்தலை றாஸிக் உறுதிப்படுத்திய பிறகே சொல்ல வேண்டும், மற்றவற்றை எழுதிக் கொடுத்தபடி வாசிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தச் செய்தியோடு முஸ்பிறா டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பமும் இருந்தது.

"குறை நினைக்காதீங்க மாமா. இப்ப ஆக்களுக்கு நீளமாக் கேக்கப் பொறுமை இல்ல. நாங்க எழுதித் தாறத மட்டும் வாசிங்க. ஒரு சொல்லும் கூட்ட வேணாம்."

"ஒரு சொல்லும்?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா. ஒரு சொல்லும்."

வட்டிலப்பத்தில் ஏலம் கூடிப்போயிருந்தது. இருந்தாலும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து அவர்கள் எழுதித் தந்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்து வந்தேன்.

ஆதம்பாவாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரைவலை இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போன மனிதர். மனைவி ஸைனம்பு மௌத்தாகி மூன்று வருடம். அந்த மனுஷியின் பேரில் தோட்டத்தில் ஒரு நாவல் கன்று நட்டிருந்தார். அதில் யார் பழம் தின்றாலும் அதன் நன்மை ஸைனம்புவின் கபுறுக்குப் போய்ச் சேரும் என்பது அவருடைய நம்பிக்கை. தினமும் இரண்டு தகர வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றுவார். தன்னார்வலர்களில் படம் எடுக்காத ஒரே ஆள் அவர்தான். ஏனென்றால் அவரிடம் இருந்தது பொத்தான் போன். வட்சப்பில் என்ன வந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் வந்தால்தான் அவருக்குச் செய்தி.

என் குரலில் அவருக்கு ஒரு பைத்தியம். ஜனாஸா அறிவித்தல் முடிந்ததும் மைக் அறை வாசலில் வந்து நிற்பார்.

"நீங்க சொன்னா மௌத்துக்கும் ஒரு மரியாதை வந்திருது காக்கா," என்பார்.

தாங்கி விவகாரத்தில் ஊரே சிரித்தபோதும் அவர் அசையவில்லை. கடைக் கடையாகப் போய் எனக்காக வாதாடினார்.

"ஆனை டாங்கிக்கு அங்கால நின்டிரிக்கும். மீராசாயிபு காக்கா சும்மா சொல்லுவாரா?"

உண்மையைச் சொன்னால், சிரித்தவர்களைவிட இவர்மேல்தான் எனக்கு அதிக எரிச்சல். ஒரு மடையன் புகழ்ந்தால் மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். மைக் அறை வாசலில் அவருடைய நிழல் விழுந்தாலே கம்பியைச் சுற்றுகிற மாதிரிக் குனிந்துகொள்வேன். ஆனாலும் அவர் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஆதம்பாவா மௌத்தான சனிக்கிழமைக்கான காகிதம் முதல்நாள் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் வந்தது. வாசித்துவிட்டு மைக்கின் கீழே வைத்தேன். காலையில் ஸுபஹுக்குக் கொஞ்சம் முன்னால் நான் பள்ளிக்குள் நுழையும்போது சின்னப்போடி போன் எடுத்தார்.

"காக்கா, தனியன் ஆனை ஒண்டு வரம்பால ஏறி உங்கட தோட்டத்துக்குள்ள பூந்திட்டுது. வெடி போட்டும் கிறுகிப் போகுதில்ல. பள்ளியில கதைச்சு உடுங்க காக்கா. ஒருத்தரும் அந்தப் பக்கம் வெளிக்கிட வேணாமெண்டு சொல்லுங்க."

"ஓம்," என்றேன்.

மேல்மாடிக்கு ஏறிப் பார்த்தேன். தோட்டத்து வாசலில் ஒரு வீதி விளக்கு இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் வாழைகள் ஒவ்வொன்றாகச் சாய்வது தெரிந்தது. பிறகு அதன் முதுகு தெரிந்தது. அன்று பனி இல்லை. கீழே இறங்கி வந்து ஒழுச் செய்து, ஜமாஅத்தோடு நின்று ஸுபஹ் தொழுதேன்.

சபையின் தீர்மானப்படி றாஸிக் உறுதிப்படுத்தாமல் நான் யானை என்று சொல்ல முடியாது. றாஸிக்கின் இலக்கம் என் போனில் இருந்தது. நான் எடுக்கவில்லை. அவர்களாகவே கேட்டு வாங்கிய சட்டம் அது. தொழுகை முடிந்ததும் மைக்கைப் போட்டு, காகிதத்தை எடுத்து இப்படி வாசித்தேன்: "மக்கள் இயற்கைத் தோட்டத் தன்னார்வலர்கள் அனைவரும் இன்று ஸுபஹ் தொழுகை முடிந்தவுடன் தோட்டத்துக்கு வரவும். மண்வெட்டி கொண்டு வரவும்." இரண்டு தடவை வாசித்தேன்.

நான் எதிர்பார்த்தது இதுதான். பத்துப் பதினைந்து பேர் பச்சை டீசேட்டோடு போவார்கள். படம் எடுக்கிற கூட்டம் நிஜ யானையைக் கண்டதும் தலைதெறிக்க ஓடிவரும். இந்த மைக் அறைக்குத்தான் வரும். சொல்லுங்க மாமா, சொல்லுங்க மாமா என்று கெஞ்சும். றாஸிக் உறுதிப்படுத்தட்டும், சொல்கிறேன் என்று நான் பதில் சொல்வேன். இருட்டில் ஓடும்போது இரண்டொருவர் விழுவார்கள், ஒருவர் யானையிடம் அகப்படவும் கூடும் என்று நினைத்தேன். அந்த ஒருவர் றாஸிக்காக இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். நான் ஒன்றையும் யோசிக்காமல் செய்கிறவன் அல்ல.

மைக் அறை வாசலில் ஆதம்பாவா வந்து நின்றார். கையில் இரண்டு வாளிகளும் இருந்தன.

"எட்டு மணிக்குத்தான் வேலை எண்டு ராவு ஆரோ கதைச்ச மாதிரி இரிக்கி காக்கா. இப்பவே போகணுமா?"

"காகிதத்துல உள்ளபடிதான் வாசிச்சன்," என்றேன்.

"அப்ப அவனுகளுக்குத்தான் பிழைச்சிரிக்கும். நீங்க சொன்னா சரி. மறுகா வாறன்."

ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிற மனிதர், சந்தியைக் கடக்கவே நேரம் எடுக்கும். நான் சன்னலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம். மைக்கும் இன்னும் அணைக்காமல்தான் இருந்தது. இவரைத் திருப்பினால் பின்னால் வருகிறவர்களும் திரும்பிவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

பின்னால் ஒருவரும் வரவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. காகிதத்தில் எழுதியதை முஸ்பிறா டீச்சர் இரவே வட்சப்பிலும் போட்டிருந்தார். ஒலிபெருக்கியில் வேறு மாதிரிக் கேட்டபோது, டாங்கி மாமா பழைய காகிதத்தை வாசிக்கிறார் என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறார்கள். நாற்பது பேரில் ஆதம்பாவாவைத் தவிர ஒருவர்கூட என்னை நம்பவில்லை. அவர்களுடைய உயிரைக் காத்தது என்மேல் அவர்களுக்கிருந்த இளக்காரம்.

ஒரு தகர வாளி எங்கோ மோதுகிற சத்தம் கேட்டது. மனிதச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகு போய்ப் பார்த்தார்கள். நாவல் கன்றுக்குப் பக்கத்தில் கிடந்தார். கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காகிதத்தையும் என் அறிவித்தலையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் என் சட்டையைப் பிடிப்பார்கள் என்று இருந்தேன். யாரும் பிடிக்கவில்லை. முஸ்பிறா டீச்சர் என் முன்னால் இருந்து அழுதார்.

"என்ட பிழை மாமா. நான் இன்னும் பெரிய எழுத்துல எழுதியிரிக்கணும்."

அவருடைய கையெழுத்து தெளிவானது. ஊரில் ஒழுங்காகத் தமிழ் எழுதத் தெரிந்த இரண்டு மூன்று பேரில் அவரும் ஒருவர். ஏழாம் நாள் ஆதம்பாவாவின் மகள் கமீலா வந்தார். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னது.

"மனச உடைக்காதீங்க மாமா. வாப்பாக்கு அல்லாஹ் எழுதினது அவ்வளவுதான். உங்கட வயசுக்கு எழுத்துத் தெரியாமப் போறது ஒரு குத்தமா?"

எழுத்துத் தெரியாமல் போவது. எனக்கு. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன், அழுகிறேன் என்று அந்தப் பிள்ளை நினைத்தது. நேற்று றாஸிக் வந்தார். தன்னார்வலர்கள் எல்லோரும் சேர்ந்து என் கண்ணுக்கு ஒப்பரேசன் செய்ய நாள் எடுத்துவிட்டார்களாம். அடுத்த புதன்கிழமை. வாகனமும் சொல்லியாகிவிட்டதாம். அவர் படியிறங்கிப் போகும்போது முதுகில் அந்த 'இயற்க்கை'யைப் பார்த்தேன். இன்று காலை உங்களிடம் வந்துவிட்டேன்.

காகிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் இருப்பது இதுதான்: "மக்கள் இயற்கைத் தோட்டத் தன்னார்வலர்கள் அனைவரும் இன்று ஸுபஹ் தொழுகை முடிந்தவுடன் தோட்டத்துக்கு வர வேண்டாம், எட்டு மணிக்கு வரவும். மண்வெட்டி கொண்டு வரவும்." வயல் பக்கம் யானை நடமாடுகிறது என்று கேள்விப்பட்டு நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். 'வர வேண்டாம், எட்டு மணிக்கு' என்ற நான்கு சொற்களை நான் நடுவிலிருந்து எடுத்தேன். எடுத்த இடம் தெரியவில்லை. ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், நான் கூட்டவில்லை. குறைக்க வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அங்கே யானை நிற்பது தெரிந்துதான் வாசித்தேன். ஆதம்பாவா அதனிடம் போகிறார் என்று தெரிந்துதான் பார்த்துக்கொண்டு நின்றேன். அறிவித்தலின் பதிவு தன்னார்வலர்களிடம் இருக்கும், என்னைப் பதிவதில் அவர்கள் குறை வைப்பதில்லை. போட்டுக் கேளுங்கள். அந்த இடத்தில் என் குரல் ஒரு நூல்கூடத் தடுமாறவில்லை. கண் தெரியாத ஒருவனால் அப்படி வாசிக்க முடியாது. நீங்கள் எந்தக் குற்றத்தை வேண்டுமானாலும் எழுதுங்கள், பிழையாக வாசித்தார் என்று மட்டும் எழுத வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் ஒளிக்கவில்லை. அன்று பின்னேரம் ஜனாஸா அறிவித்தலுக்கும் காகிதம் தந்தார்கள். பெயர், வயது, அடக்கும் நேரம் அவ்வளவுதான் இருந்தது. அதை வாசிக்கும்போது ஆதம்பாவா என்ற பெயருக்கு முன்னால் 'எனது கூட்டாளி' என்று இரண்டு சொற்களை நானாகக் கூட்டினேன். சபையின் தீர்மானத்தை நான் மீறியது அந்த ஒரு தடவைதான். ஏன் மீறினேன் என்று எனக்குத் தெரியவில்லை, அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு மதிப்பும் இருந்ததில்லை. யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நல்ல அறிவித்தல், குரல் நன்றாக எழும்பியிருந்தது. முடித்துவிட்டு மைக்கை அணைத்தேன். பிறகு ஆதம்பாவா வந்து ஏதாவது சொல்வார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.